நூலக ஸ்கேனரில் பழைய புத்தகத்தை எடுப்பது எப்படி: குடியாத்தத்துத் தங்கைக்கு விரிவான பதில்

குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவர் ஊர் நெசவாளர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். வேலூரில் அவர் போய்ப் படிக்கும் ஒரு நூலகத்தில், நாமே நின்று இயக்கிக்கொள்கிற ஸ்கேனர் ஒன்று வைத்திருக்கிறார்களாம். 1950களின் கைத்தறிக் கூட்டுறவுச் சங்க அறிக்கைகளையும் பழைய மாவட்ட நூல்கள் சிலவற்றையும் அதில் எடுக்க வேண்டும். "அண்ணா, திரையில் என்னென்னவோ கேட்கிறது, எதை அமுக்குவது என்று தெரியவில்லை, அதற்குள் பின்னால் ஆள் வந்து நின்றுவிடுகிறார்கள், பேசாமல் போனிலேயே எடுத்துவிடட்டுமா?" என்பதுதான் கேள்வி.

போனில் எடுக்கலாம் தங்கச்சி, அதில் தப்பே இல்லை. 12 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ஏ4 பக்கத்தை மட்டும் படம் நிறைய வைத்து எடுத்தால் ஏறக்குறைய 340 டி.பி.ஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) கிடைக்கும், அது போதுமானது. விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் எடுத்தால் அதுவே 240க்கு இறங்கிவிடும், சின்ன எழுத்து அப்போதுதான் கலங்க ஆரம்பிக்கும். போனில் உண்மையான தொல்லை வேறு. உங்கள் கை நிழல் பக்கத்தின் மேல் விழும், ஒரு பக்கம் நேராகவும் அடுத்தது சாய்வாகவும் வரும், போனில் இருக்கும் ஸ்கேன் ஆப் 'தெளிவாக்குகிறேன்' என்று மங்கலான எழுத்தையும் கறையோடு சேர்த்து அழித்துவிடும். பத்துப் பக்கம் என்றால் போன் போதும். நூறு பக்க அறிக்கை, அதிலும் அட்டவணை நிறைந்த அறிக்கை என்றால் ஸ்கேனர்தான்.

நீங்கள் எடுக்கப்போவது எந்த மாதிரித் தாள் என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். 1950களின் காகிதத்தில் பெரும்பாலும் உள்ளேயே அமிலம் இருக்கும். அது வருடா வருடம் பழுப்பேறி, மடித்த இடத்தில் அப்பளம் மாதிரி ஒடியும். வெப்பம் அதை வேகப்படுத்தும், நம் ஊரில் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல, ஓடு வேய்ந்த அறையிலோ மொட்டை மாடிக்குக் கீழேயோ அடுக்கிய அலமாரி எப்படிச் சுடும் என்று உங்களுக்கே தெரியும். அந்த அறிக்கை இன்னும் எத்தனை தடவை திறக்கத் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நீங்கள் எடுக்கும் நகல், அந்தப் புத்தகத்தை இன்னொரு முறை திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்ய வேண்டும். உங்களுக்கும் சரி, உங்களுக்கு அப்புறம் வருபவருக்கும் சரி. கீழே நான் சொல்லும் எல்லா செட்டிங்கும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

அதே காரணத்துக்காக, ஸ்கேனர் பக்கம் போவதற்கு முன்னால், வேறு யாராவது ஏற்கெனவே அதை எடுத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஏராளமாக இருக்கின்றன. நீங்கள் குறிப்பிட்ட வட ஆர்க்காடு மாவட்ட மேனுவல் (வேலூர்ப் பகுதியின் பழைய மாவட்டத்தைப் பற்றிய ஆங்கில விவர நூல்), காக்ஸ் தொகுத்து 1881இல் வந்து பிறகு ஸ்டூவர்ட் திருத்தி 1895இல் வெளிவந்தது, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் முழுசாகக் கிடைக்கும். அதற்காக நூலகத்தின் பழைய பிரதியைப் பிரிக்கவே வேண்டாம். தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்: வட ஆர்க்காடு, வடஆற்காடு, ஆங்கிலத்தில் குடியாத்தத்துக்கே நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள். சங்க அறிக்கைகள் இணையத்தில் கிடைப்பது அரிது, உங்கள் உழைப்பை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் அது மேலிருந்து பார்க்கும் வகை. கறுப்பு மேடை, மேலே கேமரா, பக்கத்தில் விளக்கு, முன்னால் டச் ஸ்கிரீன். புத்தகத்தை முகம் மேலே பார்க்க வைத்தால் போதும், குப்புறக் கவிழ்த்து அழுத்த வேண்டியதில்லை. பழைய புத்தகத்துக்கு இதுதான் நல்லது. பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடையில் இருப்பது போல மூடி திறக்கும் கண்ணாடி ஸ்கேனர் இருந்து, அது காலியாகக் கிடந்தாலும் போகாதீர்கள். புத்தகத்தைக் கவிழ்த்து மூடியை அமுக்கினால் முதுகில் போட்ட தையல் விட்டுப்போகும், அப்படி அமுக்கியும் மடிப்போரத்து எழுத்து கறுப்பாகத்தான் விழும். தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஃபீடரில் பழைய தாளை வைக்கவே கூடாது. அது புதிய ஏ4 தாளுக்கு, அதுவும் பின்னைக் கழற்றிய தாளுக்கு. ஃபீடரில் எடுத்த நகலில் மேலிருந்து கீழே ஒரு மெல்லிய கோடு எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் ஓடுகிறதென்றால், உள்ளே இருக்கும் ஒல்லியான கண்ணாடிப் பட்டையில் ஒரு தூசி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும்.

மேடை இரண்டு பலகையாகப் பிரிந்து ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். புத்தகத்தின் ஆரம்பத்தில் இடது பக்கம் மெலிசாகவும் வலது பக்கம் கனமாகவும் இருக்கும், போகப் போக அது மாறும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் இரண்டும் தெளிவாக விழும். பலகை நகராத வகை என்றால் மெலிந்த பக்கத்து அட்டைக்கு அடியில் ஒரு நோட்டை முட்டுக் கொடுங்கள், பக்கங்கள் நகர நகர நோட்டை மாற்றுங்கள். கெட்டியாக பைண்டு செய்த ரெஜிஸ்டர் முழுசாக விரியாது, விரிக்கவும் கூடாது. அது எவ்வளவு தானாகத் திறக்கிறதோ அவ்வளவுதான், ஒரு பக்கத்தை மட்டும் மட்டமாக வைத்து, முதலில் வலப்பக்கங்கள் எல்லாம், பிறகு புத்தகத்தைத் திருப்பி வைத்து இடப்பக்கங்கள் எல்லாம் என்று எடுங்கள். நேரம் அதிகம் ஆகும்தான், ஆனால் தையல் தப்பிக்கும்.

திரையில் கேட்பவற்றில் மூன்றுதான் முக்கியம்: டி.பி.ஐ, நிறம், ஃபைல் வகை. மற்றதை அது சொன்னபடியே விட்டுவிடலாம். டி.பி.ஐ 300 வையுங்கள். அடிக்குறிப்பு, அட்டவணை என்று பொடி எழுத்து நிறைய இருந்தால் 400. 600 என்பது புகைப்படத்துக்கும் வரைபடத்துக்கும். எல்லாவற்றுக்கும் 600 வைத்தால் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் எண்ணை இரட்டிப்பாக்கினால் படம் நாலு மடங்கு பெரிதாகும், இயந்திரம் பக்கத்துக்குப் பக்கம் யோசித்துக்கொண்டு நிற்கும், பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். கணக்குச் சொல்கிறேன்: ஏ4 பக்கம் 300 டி.பி.ஐயில் சுமார் 87 லட்சம் புள்ளிகள். கலரில் சுருக்காமல் வைத்தால் 26 எம்.பி, கிரே ஸ்கேலில் (நிறமில்லாமல் சாம்பல் சாயல்களில்) 9 எம்.பிக்குள், வெறும் கறுப்பு வெள்ளையில் ஒரு எம்.பி அளவுதான். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் நிறைய பேர் கறுப்பு வெள்ளையைத் தட்டிவிடுகிறார்கள். பழைய தாளுக்கு அதைத் தொடவே வேண்டாம். கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை, நடுவில் எதுவும் கிடையாது. பழுப்பேறிய தாளில் மங்கிய மை எழுத்து வெள்ளைப் பக்கம் போய்விடும், ஈரக்கறை கறுப்புப் பக்கம் போய் எழுத்தை மூடிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. கிரே ஸ்கேல் வையுங்கள். சிவப்பு மையில் கையெழுத்து, நீலப் பென்சில் குறிப்பு, முத்திரை இருக்கும் பக்கங்களுக்கு மட்டும் கலர். சங்க அறிக்கைகளில் தணிக்கை செய்தவர் நிற மையில் திருத்திய எண்கள் இருந்தால், கிரே ஸ்கேலில் எது அச்சு, எது திருத்தம் என்றே தெரியாது.

ஃபைல் வகையில் பி.டி.எஃப் எடுத்தால் படிக்க வசதி. புகைப்படமோ வரைபடமோ இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக டிஃப் ஃபைலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள், அதைத் திரும்பத் திரும்பத் திறந்து சேமித்தாலும் தரம் குறையாது. அச்சில் வந்த புகைப்படத்தை உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும், அதை ஸ்கேன் செய்யும்போது அலை அலையாகக் கோலம் விழும். திரையில் டிஸ்கிரீன் என்று ஒரு வசதி இருந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் போடுங்கள், எழுத்துப் பக்கத்துக்குப் போட்டால் எழுத்தின் ஓரம் மழுங்கும்.

தாள் மெலிசாக இருந்து பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறதா? அந்தத் தாளுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளைச் செருகுங்கள். வெள்ளைத் தாள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி பின்பக்க எழுத்தை எடுத்துக்காட்டும், கறுப்பு அதை விழுங்கிவிடும். ஸ்டேஷனரி கடையில் கறுப்பு சார்ட் ஒன்று வாங்கி இரண்டாக வெட்டி ஃபைலில் வைத்துக்கொண்டால் போதும்.

நம் ஊரில் யாரும் சொல்லித்தராத விஷயம் மின்விசிறி. நூலகத்தில் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். இந்த வகை ஸ்கேனர்களில் சிலவற்றில் ஒளிக்கோடு பக்கத்தின் மேல் மெதுவாக நகர்ந்து போகும், அந்த இரண்டு மூன்று விநாடியில் தாளின் ஓரம் லேசாக எழும்பினாலும் அந்த வரி மட்டும் வளைந்து, எழுத்து இழுத்த மாதிரி விழும். சின்ன பிரிவியூவில் இது தெரியாது, வீட்டுக்குப் போய் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். தலைக்கு மேலே இருக்கும் ஃபேனை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் குறைப்பார்கள். ஜன்னல் வெயில் மேடையில் விழாத நேரமாகப் பார்த்துப் போங்கள், வழுவழுப்பான தாளில் வெயில் பட்டால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும். வியர்வை ஈரம் தாளில் ஒட்டாமல் இருக்க ஒரு பருத்தித் துணி கையில் இருக்கட்டும். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் பழக்கம் இருந்தால் அந்த அறைக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். பக்கத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் வெளி ஓரத்து வெற்றிடத்தில் மட்டும் விரலை வையுங்கள், படத்தில் விழும் விரலைச் சில இயந்திரங்கள் தாமே அழிக்கும், ஆனால் எழுத்தின் மேல் இருக்கும் விரலை அழித்தால் எழுத்தும் போகும்.

இப்போது, எடுக்கும்போது நிறைய பேர் விட்டுவிடும் பக்கங்கள். அட்டை, தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், பொருளடக்கம். 'எனக்கு 40 முதல் 62 வரைதான் வேண்டும்' என்று அதை மட்டும் எடுத்துப் போனால் ஆறு மாதம் கழித்து அது எந்த வருட அறிக்கை என்று உங்களுக்கே தெரியாது. உங்கள் தலைப்புக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் 'வட ஆர்க்காடு' என்று அச்சில் இருந்தால் அது எந்த வட ஆர்க்காடு என்பது வருடத்தைப் பொறுத்தது. 1911க்கு முன்னால் என்றால் சித்தூர்தான் மாவட்டத் தலைநகரம், இன்று ஆந்திராவில் இருக்கும் தாலுகாக்களும் அந்த மாவட்டக் கணக்குக்குள் இருக்கும். 1911க்குப் பிறகு 1989 வரை என்றால் திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு, போளூர் எல்லாம் சேர்ந்தது. 1989இல் பிரித்தபோது இந்தப் பக்கம் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம், அந்தப் பக்கம் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறி, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. 'மாவட்டத்தில் இத்தனை தறி' என்று ஓர் எண்ணை ஆய்வேட்டில் போட்டுவிட்டு, ஆரணியின் பட்டுத்தறிகள் அதற்குள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியாமல் நின்றால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. தலைப்புப் பக்கம் ஒன்று கூட இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

கூலி அட்டவணைகளை எடுத்ததும் அங்கேயே நின்று பெரிதாக்கிப் பாருங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 1957 ஏப்ரலில் நயா பைசா வரும் வரை கணக்கெல்லாம் ரூபாய், அணா, பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 'ரூ. 3-12-6' என்று இருந்தால் மூன்று ரூபாய் பன்னிரண்டு அணா ஆறு பை. அந்த நடுக்கோடு மங்கினால் 3126 ஆகிவிடும், 6 என்பது மை பரவி 8 மாதிரித் தெரிந்தால் கூட்டுத்தொகை இடிக்கும். மடிப்போரத்தில் இருக்கும் கடைசிப் பத்திதான் பெரும்பாலும் 'மொத்தம்' என்ற பத்தி, அதுதான் வளைந்து விழும். அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுக்க ஒரு நிமிஷம் ஆகும், பின்னால் நிற்பவரிடம் 'ஒரே ஒரு பக்கம் அண்ணா' என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தேடக்கூடிய பி.டி.எஃப் என்று திரையில் ஒரு வாய்ப்பு இருக்கும், படத்தில் உள்ள எழுத்தை வாசித்து உள்ளே வைக்கும் ஓ.சி.ஆர் வேலை அது. ஆங்கில அறிக்கைக்குப் போடுங்கள், நன்றாக வேலை செய்யும். மொழிப் பட்டியலில் தமிழ் இல்லையென்றால் அதை அணைத்துவிடுங்கள், தமிழ் எழுத்தை ஆங்கிலமாக வாசித்துக் குப்பையை உள்ளே அடைத்துவிடும். வீட்டுக்கு வந்து கூகுள் டாக்ஸிலோ டெசராக்ட் என்ற மென்பொருளிலோ தமிழ் ஓ.சி.ஆர் செய்துகொள்ளலாம், இரண்டும் இலவசம். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகள் பழைய வடிவத்தில் இருக்கும். துதிக்கை மாதிரி வளைந்த அந்த 'லை', 'னை'யில் இயந்திரம் தடுமாறும், 'நூலை' என்று தேடினால் கிடைக்காது, 'நூல்' என்று தேடினாலும் சில இடம் தப்பும். ஓ.சி.ஆரை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மேற்கோளையும் எண்ணையும் படத்தைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

சேமிப்பது பற்றி. பென் டிரைவ் எடுத்துப் போங்கள். பல ஸ்கேனர்கள் ஃபேட்32 வடிவத்தில் ஃபார்மட் செய்த டிரைவைத்தான் அடையாளம் காணும், செருகியும் திரையில் வரவில்லையென்றால் முதல் சந்தேகம் அதுதான். பழைய ஃபைல்களை வேறு எங்காவது மாற்றிவிட்டு ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். மெயிலுக்கு அனுப்பும் வசதி பத்துப் பக்கத்துக்குச் சரி, ஜிமெயிலில் இணைப்பு 25 எம்.பிக்கு மேல் போகாது, போகும் வழியில் இணைப்பு மூன்றில் ஒரு பங்கு வீங்கும் என்பதால் 18 எம்.பியிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. நூறு பக்கத்தையும் எடுத்துவிட்டுக் கடைசியில் ஒரே தடவையாகச் சேமிக்கலாம் என்று இருக்காதீர்கள். சேமிக்கும் வரை எல்லாம் இயந்திரத்தின் நினைவில்தான் இருக்கும், கரண்டு போனால் அத்தனையும் போய்விடும், பழைய தாளை மறுபடி முதலிலிருந்து புரட்ட வேண்டியிருக்கும். முப்பது பக்கத்துக்கு ஒரு தடவை சேமியுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டுக் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறுங்கள்.

ஃபைல் பெயரில் வருடம், சங்கம், பக்க எண் மூன்றும் இருக்கட்டும். திரையில் தமிழ் விசைப்பலகை இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். எடுத்து முடித்ததும் அச்சிட்ட கடைசிப் பக்க எண்ணையும் படங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு திரும்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மடித்து வைத்த வரைபடம் இருந்தால் மெதுவாகப் பிரித்து, மேடையில் அடங்காவிட்டால் பகுதி பகுதியாக, ஒவ்வொரு பகுதியும் அடுத்ததோடு நாலு விரல் அளவு சேரும்படி எடுங்கள், பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம். மடிப்பில் ஏற்கெனவே ஒடிந்திருந்தால் நீங்கள் பிரிக்காமல் நூலகரைக் கூப்பிடுங்கள்.

கிளம்பும்போது இயந்திரத்தில் உங்கள் வேலையை முடித்து வெளியேறிவிட்டீர்களா, மெயில் முகவரி திரையில் நிற்கிறதா, பென் டிரைவ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஸ்கேனரில் மாணவர்கள் ஆதாரும் சாதிச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் எடுக்கிறார்கள், முன்னால் எடுத்தவருடைய ஃபைல் திரையில் கிடந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள், அல்லது நூலகரிடம் சொல்லுங்கள். பொது இயந்திரத்தில் போட்ட பென் டிரைவை வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகியதும் முதலில் வைரஸ் ஸ்கேன்.

பதிப்புரிமை பற்றிப் பயப்படுகிறீர்கள், நியாயம்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் நகலெடுப்பதை அனுமதிக்கிறது. எழுத்தாளர் இறந்து 60 வருடம் கடந்த நூலுக்கும், வெளிவந்து 60 வருடம் கடந்த அரசு வெளியீட்டுக்கும் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அதனால் 1950களின் அரசு அறிக்கைகளில் உங்களுக்குத் தடை எதுவும் இல்லை. இன்று கடையில் கிடைக்கும் புத்தகத்தை முழுசாக எடுத்து டெலிகிராம் குழுவில் போடுவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள், நம் ஊர் ஆட்கள் கைக்காசு போட்டு அச்சடித்த வரலாற்று நூல்கள் அவை. நூலகத்தில் பழைய ஆவணங்களுக்கென்று தனியாக விதி இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், சில தொகுப்புகளை எடுக்க எழுத்தில் அனுமதி வேண்டியிருக்கும்.

சங்க அறிக்கைகளை எடுத்து முடித்து ஒழுங்குபடுத்தியதும் ஒரு பிரதியை நூலகரிடம் கொடுக்கட்டுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பி.டி.எஃப், முதல் பக்கத்தில் அட்டை, ஃபைல் பெயரில் அலமாரி எண், இவ்வளவு இருந்தால் அவர்கள் கம்ப்யூட்டரில் அப்படியே வைத்துக்கொள்ளலாம், அடுத்து அதே அறிக்கையைக் கேட்டு வருபவருக்குத் திரையிலேயே காட்டலாம்.